கண்ணுக்கு வெளிச்சச் சிகிச்சை: ஊசிக்குப் பிந்திய ஐந்து நாளில் நடக்கும் பிழைகள்

விழித்திரைக்கு அடியில் தாறுமாறாக முளைத்துக் கசியும் இரத்த நாளங்களை அடைக்க, வேர்ட்டெபோர்ஃபின் என்ற மருந்தைக் கையில் பத்து நிமிடம் ஏற்றுவார்கள். ஏற்றத் தொடங்கி 15ஆவது நிமிடத்தில் 689 நானோமீற்றர் சிவப்பு லேசரை 83 செக்கன் கண்ணுக்குள் விடுவார்கள். இந்த லேசர் சுடாது. வெளிச்சம் பட்ட மருந்துதான் வேலை செய்கிறது. அதே மருந்து சில நாள் தோலிலும் இருப்பதால் வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். ஐரோப்பிய வழிகாட்டி 48 மணி நேரம் என்கிறது, அமெரிக்க வழிகாட்டி ஐந்து நாள். வன்னி வெயிலுக்கு ஐந்தையே பிடியுங்கள்.

முதல் பிழை வீடு திரும்பும் வழியிலேயே நடக்கும். கொழும்பில் ஊசி போட்டுவிட்டுப் பகல் பஸ்ஸில் யன்னலோரம் இருந்து ஏ9 வழியாக வருவது. இரவு பஸ் பிடியுங்கள். பகலில்தான் வரவேண்டுமென்றால் முழுக்கைச் சட்டை, கையுறை, சப்பாத்து, அகன்ற தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் வேண்டும். பின்னேரம் வடக்கே வரும் பஸ்ஸில் வெயில் இடப்பக்கம் அடிக்கும், வலப்பக்கம் இருங்கள். சன் கிரீமை நம்பவேண்டாம். அது புற ஊதாக் கதிரைத்தான் தடுக்கும், இந்த மருந்தோ கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்திலேயே தூண்டப்படும்.

பயந்துபோய் இருட்டறைக்குள் அடைபடுவதும் பிழைதான். வீட்டின் சாதாரண வெளிச்சம் தோலில் உள்ள மருந்தை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும். உள்ளே நடமாடுங்கள், ரீவி பாருங்கள். வெறும் சாரத்தோடு விறாந்தையில் இருப்பதும், நெல் காயப்போட முற்றத்தில் இறங்குவதும் மட்டும் கூடாது. ஹலோஜன் விளக்கையும் பல் வைத்தியரின் விளக்கையும் தவிருங்கள்.

ஏற்றும்போது கை எரிந்தால் வாய் திறந்து சொல்லுங்கள். நாளத்துக்கு வெளியே மருந்து கசிந்திருக்கலாம். உடனே நிறுத்தி, குளிர் ஒத்தடம் கொடுத்து, வீக்கமும் நிறமாற்றமும் மாறும்வரை அந்த இடத்தை வெளிச்சம் படாமல் மூடவேண்டும். போர்ஃபிரியா (இரத்தத்தின் சிவப்புப் பொருள் உருவாவதில் வரும் ஒரு கோளாறு) உள்ளவர்களுக்கு இந்த மருந்தே ஆகாது. ஈரல் நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அறுவடை முடியட்டும் என்று திகதியைத் தள்ளவேண்டாம். கசிவு நீடித்தால் தழும்பு விழும், தழும்பு விழுந்த இடத்தில் பார்வை திரும்பாது. சிகிச்சையின் நோக்கம் பெரும்பாலும் மிச்சப் பார்வையைக் காப்பதுதான். முதல் வாரத்தில் பார்வை திடீரென்று மங்கினால் கிளினிக் திகதி வரும்வரை பார்த்திருக்காமல் அன்றே வைத்தியரிடம் போங்கள். மங்காவிட்டாலும் மூன்று மாதப் பரிசோதனைக்குப் போகவேண்டும். நாளம் மறுபடி கசிகிறதா என்று அப்போதுதான் தெரியும்.