சாரணர் படையை நடத்தும் பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியாவில் சாரணர் இயக்கம் முதலில் கால் பதித்த ஊர் பெங்களூரு. 1909-ஆம் ஆண்டு கேப்டன் டி.எச். பேக்கர் இங்குள்ள பிஷப் காட்டன் ஆண்கள் பள்ளியில் முதல் படையைத் தொடங்கினார். இன்று அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் போன்ற தமிழர் மிகுந்த பகுதிகளில், படையை நடத்தும் சாரண ஆசிரியராகப் பொறுப்பேற்க முன்வருபவர்களில் பலர் வேலைக்குச் செல்லும் பெற்றோர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், முன்னாள் படைவீரர்கள். ஊதியம் எதுவுமின்றி ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுக்கும் இவர்களின் நல்லெண்ணத்தில் குறை காண இடமில்லை. ஆனால் தவறுகளில் பெரும்பாலானவை அந்த நல்லெண்ணத்திலிருந்தே முளைக்கின்றன. பிள்ளைகள் செய்ய வேண்டியதைப் பெரியவர் தாமே செய்து முடித்துவிடுவதுதான் அவற்றின் பொதுவான வேர்.

1907 ஆகஸ்டில் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய சோதனை முகாமில் சிறுவர்கள் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். இயக்கத்தின் மற்ற அம்சங்களெல்லாம் இந்த ஏற்பாட்டின் மேல்தான் எழுந்தன. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணி, அதை நடத்தும் அணித்தலைவர், அணித்தலைவர்கள் கூடி முடிவெடுக்கும் கோர்ட் ஆஃப் ஹானர் என்ற அமைப்பு ஏட்டில் எல்லாப் படைகளிலும் இருக்கிறது. நடைமுறையில், பல படைகளில் அணித்தலைவரின் வேலை வரிசையில் முதலில் நிற்பதும் வருகைப் பதிவேட்டைத் தூக்கி வருவதும்தான். கோர்ட் ஆஃப் ஹானர் கூட்டத்தில் ஆசிரியர் அடுத்த மாத நிகழ்ச்சி நிரலை வாசிக்க, பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். அது கூட்டமன்று, அறிவிப்பு.

முகாமில் இந்தத் தவறு கண்கூடாகத் தெரியும். பன்னிரண்டு வயதுச் சிறுமிகள் இருவர் மூங்கில்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஸ்கொயர் லாஷிங் என்ற கயிற்றுக் கட்டைப் போட்டுக் காலணி அடுக்கு ஒன்று செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிற்கும் மூங்கிலில் க்ளோவ் ஹிட்ச் என்ற முடிச்சைப் போட்டுத் தொடங்கி, கயிற்றை இரு மூங்கில்களையும் சுற்றிக் கொண்டுவந்து, கடைசியில் இரண்டுக்கும் நடுவே இறுக்கிச் சுற்ற வேண்டும். இந்த நடுச்சுற்றைத்தான் புதியவர்கள் மறந்துவிடுவார்கள். மறந்தால் கட்டு ஆடும். அவ்வேளையில், “தள்ளும்மா, நான் போடுகிறேன்” என்று கயிற்றை வாங்கிக்கொள்ளும் ஆசிரியருக்கு நல்ல காலணி அடுக்கு கிடைக்கும், முகாமைப் பார்வையிட வரும் சாரணர் இயக்க மாவட்ட ஆணையர் பாராட்டுவார். சிறுமிகளுக்கு எதுவும் கிடைக்காது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “ஆட்டிப் பாருங்கள், எந்த இடத்தில் தளர்கிறது?” என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்வதே ஆசிரியரின் வேலை. கோணலான அடுக்கோடு முகாம் முடிந்தாலும் பரவாயில்லை. நெருப்பு, நீர், உயரம் ஆகிய மூன்றில் மட்டும் இந்தப் பொறுமைக்கு இடமில்லை. அங்கே பெரியவர் உடனே குறுக்கிட்டாக வேண்டும்.

அல்சூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற இராணுவப் பொறியாளர் படைப்பிரிவின் மையம் இருப்பதால், அதில் பணியாற்றி ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள் சாரண ஆசிரியர்களாக வருவது இந்நகருக்கே உரிய வாய்ப்பு. முடிச்சு, பாலம் கட்டுதல், முதலுதவி ஆகியவற்றில் அவர்களைவிடச் சிறந்த ஆசான்கள் கிடைப்பது அரிது. ஆனால் அணிவகுப்பும் கட்டளையுமே சாரணியம் என்று எண்ணி, ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தைத் திடலில் கால் மிதிப்பதற்கே செலவிட்டால், பத்து வயதுப் பிள்ளை மூன்றாவது வாரமே வயிற்றுவலி என்று வீட்டில் தங்கிவிடும். அணிவகுப்புக்குப் பத்து நிமிடம் போதும் என்பது என் கருத்து. குடியரசு தினத்துக்கு முந்தைய வாரங்களில் வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம்.

சின்னங்கள் பற்றிய தவறு இதைவிடக் கெடுதலானது. பிரவேஷ், பிரதம சோபான், த்விதீய சோபான், திரிதீய சோபான் என்று படிப்படியாக ஏறி, ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருதின் வழியாக ராஷ்டிரபதி விருதை அடைய வேண்டும் என்பது பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் முறை. ரயில்வே பணி நியமனத்தில் சாரணர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருப்பதால், பெற்றோர் சான்றிதழ் மேல் கண்வைப்பதில் வியப்பில்லை. அந்த நெருக்கடியில், விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முந்தைய மாலை ஒரே பேனாவால், ஒரே மேசையில், எல்லாப் பிள்ளைகளின் பதிவேடுகளிலும் வெவ்வேறு தேதிகளைப் போட்டுக் கையொப்பமிடும் பழக்கம் சில இடங்களில் வேரூன்றிவிட்டது. சாரணர் நம்பிக்கைக்குரியவர் என்ற விதியைச் சொல்லிக்கொடுத்தவரே பொய்த் தேதி எழுதுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தேர்வை அன்றன்றே வைத்து, அன்றே பதிவு செய்துவிட்டால் இந்த நிலை வராது. தகுதி பெறாத பிள்ளையின் பெற்றோரிடம் அதை நேரில் சொல்லும் துணிவும் ஆசிரியருக்கு வேண்டும்.

அடுத்தது பாதுகாப்பு. இதில் நம்மவர்களுக்கென்றே ஒரு பலவீனம் உண்டு: எல்லோரும் தெரிந்த குடும்பங்கள், ஆசிரியர் பிள்ளைகளுக்கு மாமா முறை, ஆகவே கட்டுப்பாடு எதற்கு என்ற எண்ணம். எவ்வளவு நெருங்கியவரானாலும், ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக அறையிலோ கூடாரத்திலோ வண்டியிலோ இருக்கலாகாது. எந்த நிகழ்ச்சியிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும். சாரணியர் செல்லும் முகாமில் பெண் ஆசிரியர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பிள்ளைகளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பாமல், பெற்றோரும் உள்ள குழுவில் மட்டும் எழுதுவது நல்லது. இந்த விதிகள் பிள்ளைகளைக் காப்பதோடு, நேர்மையான ஆசிரியரையும் வீண் பழியிலிருந்து காக்கின்றன.

பாலியல் துன்புறுத்தல் பற்றி ஒரு பிள்ளை வாய் திறந்தால், “பெயர் கெட்டுவிடும், நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்” என்று அமுக்குவது தவறு மட்டுமன்று, குற்றமும் ஆகும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தவறினால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆசிரியர் தாமே விசாரணை நடத்த வேண்டியதில்லை. பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காமல், சொன்னதைச் சொன்னபடியே எழுதிவைத்து, காவல் நிலையத்துக்குத் தெரிவித்தால் போதும்; உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

மலையேற்றத்தில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் முன்கூட்டியே போய்ப் பார்க்காததால் வருகின்றன. பெங்களூருக்கு அருகிலுள்ள சாவனதுர்கா மலை போன்ற மொட்டைப் பாறையில் ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் திடீரென இடி இறங்கினால் ஒதுங்க இடம் கிடையாது. மழையில் பாறை வழுக்கும். விடியற்காலையில் ஏறி, வெயில் உச்சிக்கு வருமுன் இறங்கிவிட வேண்டும். வனத்துறை அனுமதி, போதிய குடிநீர், பெற்றோரின் எழுத்து ஒப்புதல், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பட்டியல் ஆகியவை புறப்படுவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை. கடைசியில் நடக்கும் பிள்ளைக்குப் பின்னால் ஒரு பெரியவர் வர வேண்டும் என்பதைப் பலர் மறந்து, வேகமாக ஏறுபவர்களோடு முன்னால் போய்விடுகிறார்கள்.

தமிழ் பேசும் ஆசிரியர், தமிழ்ப் பிள்ளைகளை ஒரே அணியில் சேர்த்து, விளையாட்டு விதிகளைத் தமிழிலேயே விளக்கிவிட்டுப் போவதும் உண்டு. கன்னடம், உருது, தெலுங்கு பேசும் பிள்ளைகள் அரைகுறையாகப் புரிந்துகொண்டு ஓரமாக நிற்பார்கள். அணிகளைக் கலந்து அமைத்தால், ஒரு மாதத்திற்குள் பிள்ளைகளே தங்களுக்கென ஒரு கலப்பு மொழியை உருவாக்கிக்கொள்வார்கள். அதைத் திருத்த முற்படாமல் இருப்பதே நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை, முகாம் கட்டணத்தை ஆசிரியரின் சொந்த ஜிபே கணக்கில் வாங்கி, செலவை மனக்கணக்காக வைத்திருப்பதைக் கைவிட வேண்டும். ரசீது, தனிக் கணக்கு, முகாம் முடிந்த வாரமே பெற்றோருக்கு வரவு செலவு அறிக்கை என்று இருந்தால் பேச்சுக்கு இடமில்லை. சீருடை வாங்க இயலாத பிள்ளைக்குப் பழைய சீருடையைப் பிறர் அறியாமல் கொடுப்பதற்கு, பெரிய பிள்ளைகள் வளர்ந்து கழித்த உடைகளைச் சேர்த்துவைத்தாலே போதும்.

பெங்களூருவில் மாற்றலாகிப் போவது அன்றாட நிகழ்ச்சி. எல்லாவற்றையும் ஒருவரே தலையில் சுமந்து நடத்திய படை, அவர் சென்னைக்கோ புனேவுக்கோ போன மாதமே கலைந்துவிடுகிறது. தொடக்கத்திலிருந்தே துணை ஆசிரியர் ஒருவரைச் சேர்த்து, அவரையும் சாரண ஆசிரியர்களுக்கான அடிப்படைப் (பேசிக்) பயிற்சிக்கும், பின்னர் மேல்நிலை (அட்வான்ஸ்டு) பயிற்சிக்கும் அனுப்பி, பிள்ளைகளின் பதிவேடுகள், ஆண்டுப் பதிவுப் புதுப்பித்தல் தாள்கள், கூடாரக் கிடங்கின் சாவி ஆகியவை இருக்கும் இடம் இருவருக்கும் தெரியும்படி வைத்திருக்க வேண்டும்.