மாதிரி ரயில் பாதை: மேசைக்குக் கீழே நடக்கும் தவறுகள்

கோச்சி நடுவழியில் நின்றதும் கை முதலில் போவது என்ஜினுக்குத்தான். மூடியைக் கழற்றுவார்கள், சக்கரத்தைத் துடைப்பார்கள், மோட்டாருக்கு எண்ணெய் விடுவார்கள். பெரும்பாலும் பிழை அங்கே இருப்பதில்லை. மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தால் டேப் சுற்றிய ஒரு வயர் மூட்டு வழுகிக் கழன்று தொங்கும். இல்லாவிட்டால் ஈரத்தில் ஊதிய பலகை, தண்டவாளத்தை ஒரு மில்லிமீட்டர் மேலே தூக்கியிருக்கும். கொழும்புக் கரையோரம் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று கடலுக்கு இரண்டு மூன்று தெரு தள்ளிக் குடியிருப்பவர்களுக்கு ஈரமும் உப்புக்காற்றும் ஆண்டு முழுவதும் வீட்டுக்குள்தான். வெளிநாட்டு வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர் நாட்டு நிலவறைகளையும் களஞ்சிய அறைகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் இங்கே சில இடங்களில் கட்டாயம் அடிபடும்.

பலகை

சிப்போட்டும் எம்டிஎஃப்பும் விலை குறைவு, பார்வைக்கும் நல்ல தட்டை. ஆனால் அறுத்த விளிம்பு வழியாக ஈரம் ஏறினால் ஊதிவிடும். காய்ந்த பிறகும் பழைய தடிப்புக்குத் திரும்பாது. 12 மிமீ ப்ளைவுட், அதற்குக் கீழே 2க்கு 1 அங்குலச் சட்டம், 40 செமீக்கு ஒரு குறுக்குச் சட்டம் என்பது இந்த ஊருக்குத் தாங்கும். சட்டத்துக்கு வாங்கும் மரம் நன்றாகக் காய்ந்ததா என்று பாருங்கள். பச்சை மரம் இரண்டு மாதத்தில் முறுக்கிக்கொள்ளும், மேலே இருக்கும் பலகையையும் சேர்த்து இழுத்துவிடும்.

மேல் பக்கத்துக்கு மட்டும் பெயின்ட் அடிப்பது மிகச் சாதாரணமான தவறு. அடிப்பக்கத்தால் மட்டும் ஈரம் ஏறி இறங்கும்போது பலகை வில்லாக வளைகிறது. இரண்டு முகங்களுக்கும் நான்கு விளிம்புகளுக்கும் இரண்டு பூச்சு வார்னிஷ் கொடுங்கள். வயருக்காகத் துளைக்கும் ஓட்டைகளின் உட்புறத்தையும் தூரிகையால் ஒருமுறை தொட்டுவிடுங்கள்.

8க்கு 4 அடி முழுப் பலகையை வாங்கிவிட்டு, அது தொடர்மாடி லிஃப்டுக்குள் போகாமல் கீழே நிற்பவர்கள் உண்டு. கடையிலேயே 4க்கு 2 அடித் துண்டுகளாக அறுத்து வாங்கி, ஒவ்வொன்றையும் தனிச் சட்டத்தில் ஏற்றி, போல்ட்டும் காது வைத்த நட்டும் போட்டு இணையுங்கள். வீடு மாறும்போதும் இது கைகொடுக்கும். சுவரோடு வைப்பதானால் அகலம் 75 செமீயைத் தாண்டக்கூடாது. அதற்கு அப்பால் தடம் புரண்ட பெட்டியை எட்டி எடுக்கக் கை போகாது. சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் ஐந்து செமீ விட்டால் காற்றும் போகும், கறையான் ஏறினால் கண்ணுக்கும் படும்.

மலைக்கும் மேட்டுக்கும் ரிஜிஃபோம் நல்ல பொருள். அதில் இரண்டு பிழைகள் நடக்கின்றன. செருப்புத் தைக்கப் பாவிக்கும் கரைப்பான் பசையைத் தடவினால் அது கரைந்து குழியாகும். மரவேலை வெள்ளைப் பசைதான் சரி. மற்றது கண்ணில் படாதது: பிவிசி உறை போட்ட வயர் ரிஜிஃபோமைத் தொட்டபடி மாதக்கணக்கில் கிடந்தால், உறையை மென்மையாக வைத்திருக்கும் பொருள் மெல்ல ஃபோமுக்குள் போய்விடுகிறது. ஃபோம் உருகி வயரோடு ஒட்டும், வயரின் உறை விறைத்து வெடிக்கும். ஃபோமுக்குள்ளால் வயர் போகவேண்டுமென்றால் ஒரு குடிபானக் குழாயைச் செருகி அதற்குள்ளால் விடுங்கள்.

குளிரூட்டி உள்ள அறையென்றால் இன்னொன்று. மழைக்கால ஈரத்தில் நன்றாக விரிந்திருக்கும் பலகையில் தண்டவாளத்தை இடைவெளியில்லாமல் பதித்துவிட்டு, பிறகு நாள்முழுதும் குளிரூட்டியைப் போட்டால் பலகை சுருங்கும், தண்டவாளம் பக்கவாட்டில் பிதுங்கும். 3 மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 10 பாகை வித்தியாசத்துக்கு அரை மிமீதான் நீளும் சுருங்கும். மரத்தின் அசைவு அதைவிடக் கூட. அறையை வழக்கமாக எப்படி வைத்திருப்பீர்களோ அந்த நிலையில் இரண்டு நாள் விட்டுப் பிறகு பாதை பதியுங்கள். நேர்ப்பாதையில் மூட்டுக்களைச் சோல்டர் செய்யாமல், மூன்று மூட்டுக்கு ஒன்றில் அரை மிமீ இடைவெளி விடுங்கள்.

வளைவும் ஏற்றமும்

பதுளைப் பாதையிலுள்ள தெமோதரை வளையத்தை வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படாதவர் குறைவு. ரயில் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, தான் நின்ற நிலையத்துக்கே கீழே சுரங்கத்தால் வெளியே வரும் அழகு அப்படி. எச்ஓ (HO) அளவில், அதாவது அசலில் 87இல் ஒரு பங்காக, அதைச் செய்யக் கணக்கு இதுதான். மேல்பாதையின் அடிப்பலகைக்கும் கீழ்த் தண்டவாளத்துக்கும் இடையில் 76 மிமீ வேண்டும். மேல்பாதைப் பலகை, தண்டவாளத் தடிப்பு எல்லாம் சேர்த்தால் ஏறவேண்டிய உயரம் ஏறத்தாழ 88 மிமீ. கடையில் வாங்கும் ரயில் தொகுதிகளோடு வரும் 18 அங்குல ஆரை வளைவில் ஒரு சுற்று 2.87 மீட்டர்தான், அதில் 88 மிமீ ஏற 3 சதவீதத்துக்கும் கூடிய ஏற்றம் தேவை. 22 அங்குல ஆரையென்றால் சுற்று 3.5 மீட்டர், ஏற்றம் 2.5 சதவீதம். எங்கள் மலைநாட்டுப் பாதையின் கடும் ஏற்றமே 44க்கு 1, அதாவது 2.3 சதவீதம். அங்கேயே என்ஜின் திணறுகிறது. மாதிரியில் வளைவே இழுவையைக் கூட்டுவதால், 3 சதவீதத்தில் நான்கு பெட்டிக்கு மேல் பல என்ஜின்கள் சக்கரம் சுழன்று நிற்கும். 22 அங்குலத்துக்கு இடமில்லையென்றால் எச்ஓவைவிடச் சிறிய 'என்' (N) அளவுக்குப் போவது நல்லது. எச்ஓவில் ஏற்றத்தைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் திடீரென்று மடிப்பு விழுவதும் ஒரு தவறு. முதல் ஒரு பெட்டி நீளத்துக்கு ஒரு சதவீதம், பிறகு முழு ஏற்றம் என்று எடுங்கள். இல்லாவிட்டால் கொக்கி கழலும். வலது வளைவு முடிந்த கையோடு இடது வளைவைத் தொடுத்தாலும் இதே கதை. இடையில் உங்களிடமுள்ள மிக நீளமான பெட்டியின் நீளத்துக்கு நேர்த்துண்டு ஒன்று வேண்டும்.

அளவைப் பற்றி ஒரு சொல். இலங்கைப் பாதையின் அகலம் 1676 மிமீ; எச்ஓவின் 87க்கு 1 என்ற அளவில் அது 19 மிமீக்குச் சற்று மேல். கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளம் 16.5 மிமீ. இந்தக் குறையை ஏற்றுக்கொண்டு தொடங்குவதுதான் புத்தி. பாதையை அகட்டப் போனால் சக்கரம், ரயிலைப் பாதை மாற்றும் பாயிண்ட் எல்லாவற்றையும் கையால் செய்யவேண்டி வரும்.

வயர்

தண்டவாளமே கரண்டைக் கொண்டுபோகும் என்று நம்பி, கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு சோடி வயரை இழுத்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் சிறிய உலோகக் கவ்வி முதல் மாதம் நன்றாக வேலை செய்யும். உப்புக்காற்றில் அதன் உள்ளே படலம் படிந்ததும் ஒவ்வொரு மூட்டும் ஒரு சின்னத் தடையாகிவிடுகிறது. ரயில், கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வேகமாகவும் தூரத்தில் மெதுவாகவும் ஓடினால் காரணம் இதுதான்.

சரியான முறை: பாதைக்கு நேர்கீழே தடித்த சோடி வயர் ஒன்று பிரதான கொடியாக ஓடவேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிய கிளை வயர் ஏறவேண்டும். 914 மிமீ நீள வளையும் தண்டவாளம் என்றால் துண்டுக்கு ஒரு சோடி. பிரதான கொடிக்கு வீட்டு வயரிங்குக்கு விற்கும் 7/0.67 வயரே போதும், 2.5 சதுர மிமீ, எந்த ஹாட்வெயார் கடையிலும் மீட்டர் கணக்கில் வாங்கலாம். கிளைக்கு 0.5 சதுர மிமீ, 30 செமீக்கு மேல் நீளாமல்.

ஏன் இவ்வளவு தடிப்பு? 5 மீட்டர் தூரத்துக்கு, போக வர 10 மீட்டர். அழைப்பு மணிக்குப் போடும் 0.2 சதுர மிமீ வயரில் 3 ஆம்பியர் ஓடினால் 2.6 வோல்ட் வழியிலேயே தொலையும். 7/0.67 வயரில் தொலைவது 0.2 வோல்ட். தண்டவாளம் வழியாகவே என்ஜினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிசிசி (DCC) முறையில் இது வேகப் பிரச்சினையோடு நிற்பதில்லை, ஆபத்தும் கூட. மெல்லிய வயரும் கெட்ட மூட்டுக்களும் சேர்ந்து 3 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்தில் ஷோர்ட் ஆனாலும் 14 வோல்ட்டில் ஓடுவது 4.7 ஆம்பியர்தான். 5 ஆம்பியரில் கரண்டை வெட்டவேண்டிய கட்டுப்பாட்டுப் பெட்டி வெட்டாது. 65 வாட் சூடு வயரிலும் சக்கரத்திலும் இறங்கி, ரயில் பெட்டியின் அடிப்பிளாஸ்டிக் உருகும். இதைச் சோதிக்க ஐந்து ரூபாக் குற்றி ஒன்று போதும். பாதை நெடுகிலும், மிகத் தூரத்து மூலையிலும் பக்கப் பாதையிலும்கூட, குற்றியை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். வைத்த கணமே பெட்டி வெட்டவேண்டும். வெட்டாவிட்டால் குற்றியை உடனே எடுங்கள்; அந்த இடத்துக்குக் கிளை வயர் போதவில்லை.

மூட்டுக்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதை விட்டுவிடுங்கள். கொழும்புச் சூட்டில் அந்த டேப்பின் பசை பிசுபிசுத்து, ஆறு மாதத்தில் சுற்று தானாக அவிழும். சோல்டர் செய்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள். சோல்டரில் ரோசின் உள்ளே வைத்த 60/40 கம்பியைத்தான் பாவிக்கவேண்டும். தகர வேலைக்குரிய அமிலப் பசை நன்றாகப் பிடிக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது ஈரத்தோடு சேர்ந்து மூட்டைப் பச்சையாக அரித்துவிடும். 25 வாட் சோல்டரிங் அயனைவிட 60 வாட் அயன் பாதுகாப்பானது என்பது பலருக்கு நம்ப முடியாத விஷயம். சிறிய அயன் தண்டவாளத்தைச் சூடாக்கவே பத்து வினாடி எடுக்கும், அதற்குள் தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் சிலிப்பர் கட்டை இளகிவிடும். பெரிய அயன் மூன்று வினாடியில் வேலையை முடிக்கும். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தை உரசி, முதலில் அதற்கும் வயருக்கும் தனித்தனியாக ஈயம் பிடியுங்கள், பிறகு சேருங்கள். இரு பக்கமும் ஈரப்பஞ்சு வைத்தால் சூடு பரவாது.

ஒவ்வொரு கிளையையும் இணைத்த உடனே மீட்டரால் ஷோர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருபது சோடி இணைத்துவிட்டுப் பார்த்தால், மாறிப் போன ஒன்றைத் தேட இருபதையும் கழற்றவேண்டும்.

திரும்பும் பாதையும் பாயிண்டும்

சுற்றி வந்து தான் புறப்பட்ட பாதையிலேயே எதிர்த்திசையில் சேரும் வளையத்தில், வலது தண்டவாளம் போய் இடது தண்டவாளத்தைத் தொடுகிறது. அது நேரடி ஷோர்ட். முக்கோணப் பாதையிலும் இப்படித்தான். அந்தப் பகுதியின் இரு முனையிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டி, பிளாஸ்டிக் கவ்வி போட்டு, தானாகத் துருவம் மாற்றும் கருவி மூலம் கரண்ட் கொடுங்கள். வெட்டிய பகுதி உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்கவேண்டும். தெமோதரை வளையத்துக்கு இது எதுவும் தேவையில்லை. அது தன்மேல் தானே குறுக்கிட்டுப் போகிறது, மீண்டும் சேர்வதில்லை. பெயரில் வளையம் இருப்பதால் வீணாகக் கருவி வாங்காதீர்கள்.

பாயிண்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும் ஃப்ராக் உலோகமா பிளாஸ்டிக்கா என்று பாராமல் வாங்குவது அடுத்தது. பிளாஸ்டிக் ஃப்ராக்கில் சிறிய என்ஜின்கள் கரண்ட் இல்லாமல் நிற்கும். உலோக ஃப்ராக் நல்லது, ஆனால் அதிலிருந்து வெளியே போகும் இரு உள் தண்டவாளங்களுக்கும் பிளாஸ்டிக் கவ்வி போட்டு, ஃப்ராக்குக்குத் தனி வயரைப் பாயிண்ட் மோட்டாரின் சுவிட்ச் வழியாகக் கொடுக்கவேண்டும். காந்தச் சுருள் மோட்டாருக்கு, அழுத்தி விடும் பொத்தான் மட்டும்தான் பொருந்தும். சாதாரண சுவிட்சைப் போட்டு மறந்துவிட்டால் சுருள் புகையும்.

பழைய டிசி கட்டுப்பாட்டுப் பெட்டியையும் டிசிசி பெட்டியையும் ஒரே பாதையில் ஒன்றாக இணைத்து வைக்கவே கூடாது. ஒரு சக்கரம் இடைவெளியைத் தாண்டினால் போதும், கட்டுப்பாட்டுப் பெட்டி எரிந்துவிடும்.

வீட்டு மின்சாரம்

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் தொகுதிகளின் அடாப்டர் பலவற்றில் 120 வோல்ட் என்று மட்டும் அச்சிட்டிருக்கும். பிளக் மாற்றியைப் போட்டு எங்கள் 230 வோல்ட்டில் செருகினால் அந்தக் கணமே போய்விடும். பிளக் மாற்றி வோல்ட்டை மாற்றாது. 230 வோல்ட் வயர் எதுவும் மேசைக்குக் கீழே ஓடக்கூடாது. அடாப்டர் சுவர்ப்பக்கம் நிற்க, குறைந்த வோல்ட் வயர் மட்டும் மேசைக்கு வரட்டும். சித்திரை இடிமழைக் காலத்திலும் ஐப்பசியிலும் விளையாட்டு முடிந்ததும் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

மணலும் துடைப்பும்

பாதைக்கு இடும் சல்லிக்குக் கடற்கரை மணலை அள்ளி வருவது கொழும்புக்கே உரிய தவறு. அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும். ஈர உப்பு கரண்டையும் கசியவிடும், தண்டவாளத்தையும் அரிக்கும். கழுவினாலும் கருமணல் துகள்கள் தங்கும். எந்த மணலை வாங்கினாலும் ஒரு தாளில் பரப்பி, பொலித்தீனில் சுற்றிய காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். கறுப்புத் தூள் மீசை மாதிரி ஒட்டினால் அந்த மணல் வேண்டாம்; அதே தூள் என்ஜின் மோட்டாரின் காந்தத்திலும் போய் ஒட்டும். பசையிடும்போது பாயிண்டின் அசையும் நாக்கைத் தொடாதீர்கள்.

உப்புத்தாளும் இரும்புக் கம்பளியும் தண்டவாளத்துக்கு ஆகாது. கீறலில்தான் அழுக்கு விரைவில் குடியேறும், கம்பளித் துகளும் மோட்டாருக்குள் போகும். பஞ்சுத் துணியில் ஐசோபுரொப்பைல் அல்ககோலைத் தோய்த்துத் துடைத்தால் போதும். பழைய பித்தளைத் தண்டவாளம் மலிவாகக் கிடைத்தாலும் கடலோர வீட்டுக்கு வாங்காதீர்கள், வாரத்துக்கு இரண்டு முறை துடைக்க நேரிடும். ஓடாத நாட்களில் பாதையைப் பழைய பருத்திச் சேலையால் மூடுங்கள். பொலித்தீனால் மூடினால் உள்ளே ஈரம் அடைபட்டு, பச்சைப் புல்லுக்குப் போட்ட தூளில் ஒரு வாரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் பூக்கும்.