பழைய லினக்ஸில் கம்பைல் செய்யுங்கள், புதியதிலும் ஓடும்

லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள், வெளியிடப்போகும் பதிப்பைத் தங்கள் புத்தம்புதிய கணினியில் கம்பைல் செய்ய (மூல நிரலை இயங்கும் கோப்பாக மாற்ற) வேண்டாம். ஆதரிக்க நினைக்கும் லினக்ஸ் வெளியீடுகளில் எது மிகப் பழையதோ, அதில் செய்யுங்கள். இதற்கென்று தனிக் கணினி தேவையில்லை. ஒரே கணினிக்குள் வேறொரு லினக்ஸ் சூழலைத் தனியாக ஓட்டும் டாக்கர் கருவியில், டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் பழைய பதிப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டால் போதும்.

காரணம், ஜிலிப்சி (glibc) என்ற அடிப்படை சி நூலகம். அதன் செயற்கூறுகளுக்குப் பதிப்பு எண் உண்டு. கம்பைல் செய்யும் கணினியில் இருப்பவற்றில் புதிய எண்ணோடுதான் நிரல் வழக்கமாகப் பிணையும். புதிய ஜிலிப்சி பழைய எண்களையும் ஏற்கும். பழையதற்குப் புதிய எண் தெரியாது. 2021இல் வந்த 2.34 பதிப்பில், நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூற்றுக்கே புது எண் கொடுத்துவிட்டார்கள். ஆகவே அதற்குப் பின் வந்த உபுண்டு 22.04இல் சாதாரணமாகக் கம்பைல் செய்த நாலு வரி சி நிரல்கூட, அதற்கு முன் வந்த 20.04இல் ஓடாது. எரிச்சலூட்டும் விஷயம்தான், ஆனால் எந்த எண் கிடைக்கவில்லை என்பதைப் பிழைச்செய்தி மறைக்காமல் சொல்லிவிடும். வெளியிடும் முன்பே அறிய, ஆப்ஜ்டம்ப் (objdump) கருவியை -T விருப்பத்துடன் (பெரிய எழுத்து) உங்கள் நிரல்மீது ஓட்டி, பட்டியலில் வரும் ஜிலிப்சி எண்களில் மிகப் பெரியதைப் பாருங்கள்.

எல்லா லினக்ஸிலும் ஓடும் பிளாட்பேக் என்ற பொதி வடிவில் மட்டும் வெளியிடுவோருக்கு இந்த வேலை மிச்சம். அங்கே நிரல் ஓடத் தேவையான நூலகத் தொகுப்பான ரன்டைமோடு ஜிலிப்சியும் சேர்ந்தே வருகிறது. சி நூலகத்தைச் சாராமல் கம்பைல் செய்த கோ (Go) மொழி நிரல்களுக்கும் தேவையில்லை. ஜிலிப்சிக்குப் பதிலாக மஸ்ல் (musl) என்ற வேறு சி நூலகத்தில் இயங்கும் ஆல்பைன் லினக்ஸுக்கோ, எவ்வளவு பழைய டெபியனைத் தேடிப் பிடித்தாலும் பயனில்லை. தனியாகத்தான் கம்பைல் செய்ய வேண்டும்.