ஸ்வார்ட்ஸ்வெல்டரின் சிறந்த எபிசோடுகள்: பட்டியல் போடும்போது சறுக்கும் இடங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பர் கேட்டார்: "தி சிம்ப்சன்ஸ்ல ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர் எழுதினதுல எதை முதல்ல பார்க்கணும்?" அமெரிக்கக் கார்ட்டூன் நகைச்சுவைத் தொடர் அது, ஸ்வார்ட்ஸ்வெல்டர் அதன் எழுத்தாளர்களில் ஒருவர். நான் யோசிக்கக்கூட இல்லை. மனதில் வந்த பத்துப் பெயர்களை அப்படியே தட்டி அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரியே பதில் வந்தது: "இதுல ரெண்டு அவர் எழுதினதே இல்லையே?"

பார்த்தால் உண்மைதான். ஊரே மயங்கி மோனோரயில் வாங்கும் எபிசோடை எழுதியவர் கோனன் ஓ'பிரையன். தொடரின் அசட்டுக் குடும்பத் தலைவன் ஹோமர் தொழிற்சங்கத் தலைவராகும் 'லாஸ்ட் எக்ஸிட் டு ஸ்பிரிங்ஃபீல்ட்' ஜே கோகன், வாலஸ் வொலோடார்ஸ்கி இருவரும் சேர்ந்து எழுதியது. இரண்டும் 1993இல் வந்தவை, இரண்டும் என் உயிர். அதனால் ஸ்வார்ட்ஸ்வெல்டர்தான் எழுதியிருப்பார் என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

இந்தத் தவறைச் செய்யாதவர் குறைவு. ஸ்வார்ட்ஸ்வெல்டர் பெயரில் 59 எபிசோடுகள் இருக்கின்றன. அந்தத் தொடரில் வேறு யார் பெயரிலும் அத்தனை இல்லை. போதாக்குறைக்கு மனிதர் வெளியே தலைகாட்டவே மாட்டார். விரிவான பேட்டி என்று ஒன்று வந்ததே 2021இல், நியூயார்க்கர் பத்திரிகையில். ஆள் பேசாவிட்டால் கதைகள் பேசும். உணவகத்தில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டே எழுதுவாராம். கலிஃபோர்னியாவில் உணவகங்களில் புகைக்கத் தடை வந்ததும், உட்கார்ந்து எழுதிய இருக்கையையே விலைக்கு வாங்கி வீட்டில் போட்டுக்கொண்டாராம். தொடரை உருவாக்கிய மேட் கிரோனிங் சொன்ன கதை இது. இப்படிப்பட்டவர் என்றதும் நல்ல ஜோக் எல்லாம் அவர் கணக்கில் ஏறிவிடுகிறது. தலைப்பைத் தேடி, எழுதியவர் பெயரை ஒருமுறை சரிபார்க்க அரை நிமிடம் ஆகாது.

சரி, பெயர் சரியாக இருக்கிறது. அப்போது அதில் உள்ள ஒவ்வொரு வசனமும் அவருடையதா? இங்கேதான் பெரிய சறுக்கல். 'கதை, திரைக்கதை, வசனம்' என்று ஒரே பெயரை டைட்டில் கார்டில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் வேலை வேறு மாதிரி நடக்கும். ஒருவர் ஒரு கரு சொல்வார். எல்லோரும் உட்கார்ந்து அதைப் பிரித்துப் போட்டுப் பேசுவார்கள். ஒருவர் தனியே போய் முதல் பிரதியை எழுதி வருவார். பிறகு அதே அறையில் பத்துப் பேர் வரிவரியாக மாற்றுவார்கள். நடிகர்கள் வாசித்துப் பார்த்தபின் மறுபடி மாற்றுவார்கள். திரையில் வரும் பெயர் பெரும்பாலும் முதல் பிரதி எழுதியவருடையது. ஆறாவது சீசன் வாக்கில், திருத்தும் அறைக்கு வராமலேயே இருக்க ஸ்வார்ட்ஸ்வெல்டருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அவர் பிரதியை அனுப்புவார், மற்றவர்கள் கை வைப்பார்கள்.

கருவும் பல நேரம் அவருடையது இல்லை. 'ஹோமர்ஸ் எனிமி'யின் கருவைச் சொன்னவர் பில் ஓக்லி. 'யூ ஒன்லி மூவ் ட்வைஸ்' கிரெக் டேனியல்ஸ் சொன்னது. அதில் முதலாளி ஹேங்க் ஸ்கார்பியோவுக்குக் குரல் கொடுத்த ஆல்பர்ட் புரூக்ஸ், ஒலிப்பதிவில் தன் பங்குக்கு நிறைய வசனம் சேர்த்தார். ஹோமர் காபிக்குச் சர்க்கரை கேட்க, ஸ்கார்பியோ கோட்டுப் பையிலிருந்து கைநிறைய அள்ளிக் கொடுத்து, பொட்டலமாக இல்லாததற்கு வருத்தமும் தெரிவிக்கும் இடத்தை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. அது யார் மூளையில் உதித்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் அவருடையது என்று எதைத்தான் பிடித்துக்கொள்வது? ஒற்றை வசனங்களை விட்டுவிட்டு, ஹோமர் எப்படி நடந்துகொள்கிறான் என்று பாருங்கள். ஹோமரைப் பேசத் தெரிந்த ஒரு பெரிய நாயாக நினைத்து எழுத வேண்டும் என்பது அந்த 2021 பேட்டியில் அவர் சொன்ன சூத்திரம். இந்த நிமிடம் உலகத்திலேயே பெரிய சோகம், அடுத்த நிமிடம் தரையில் ஒரு காசு கிடைத்ததும் தலைகால் புரியாத சந்தோஷம். இதை வைத்துக்கொண்டு 'ஹோமர்ஸ் எனிமி' பாருங்கள். ஹோமருடன் வேலை பார்க்க வரும் ஃபிராங்க் கிரைம்ஸ் சின்ன வயதிலிருந்து கஷ்டப்பட்டு முன்னேறியவன். அவன் குடியிருப்பது ஒரே ஓர் அறை. அதற்கு மேலேயும் பவுலிங் கூடம், கீழேயும் பவுலிங் கூடம். வேலைநேரத்தில் தூங்கும் ஹோமருக்கோ பெரிய வீடு, மேசையில் லாப்ஸ்டர், விண்வெளிக்குப் போய்வந்த படம், கிராமி விருது. கிரைம்ஸ் கொதிக்கிறான், திட்டுகிறான், பொறி வைக்கிறான். ஹோமருக்கு ஒன்றுமே உறைப்பதில்லை. கடைசியில் கிரைம்ஸின் இறுதிச் சடங்கிலும் ஹோமர் தூங்கிவிடுகிறான். தூக்கத்திலேயே மனைவி மார்ஜிடம் சேனலை மாற்றச் சொல்கிறான். சவப்பெட்டி குழிக்குள் இறங்கிக்கொண்டிருக்க, சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். எஜமான் திட்டினாலும் வாலாட்டும் நாயை ஒரு நல்லவனின் சாவுக்குக் கொண்டுபோய் நிறுத்திய மாதிரி. திருத்தும் அறை எவ்வளவு மாற்றியிருந்தாலும் அந்தக் குளிர்ச்சி அவருடையது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் அதையே முதலில் பார்க்கக் கூடாது. மதிப்பெண் பட்டியல்களில் மேலே இருக்கிறது என்று புதியவர்கள் நேராக அதில் குதிக்கிறார்கள். அது 1997இல் வந்தது, எட்டாவது சீசன். அதற்குமுன் எட்டு வருடமாக ஹோமர் எதில் தலையைக் கொடுத்தாலும் தப்பித்துக்கொண்டே வந்ததைப் பார்த்திருந்தால்தான் கிரைம்ஸின் ஆத்திரம் புரியும். இல்லையென்றால் ஒரு பாவப்பட்டவனைக் கொன்றுவிட்டுச் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். பழகிய ரசிகர்களே முதல் ஒளிபரப்பில் முகம் சுளித்த எபிசோடு அது. புகழ் பின்னால்தான் வந்தது.

தீர்க்கதரிசனக் கதைகளையும் ஒதுக்கிவிடுங்கள். 'சிம்ப்சன்ஸ் அன்றே சொன்னது' என்று ஓடும் வீடியோக்கள் ஒரு தொல்லை. ஒரு எபிசோடு தயாராகவே பல மாதம் பிடிக்கும். 1992இல் வந்த 'ஹோமர் அட் த பேட்'டில் ஒன்பது நிஜ பேஸ்பால் நட்சத்திரங்கள் குரல் கொடுத்தார்கள். அவர்களில் டான் மேட்டிங்லியை, கிருதாவை மழிக்கவில்லை என்று ஹோமரின் முதலாளி மிஸ்டர் பர்ன்ஸ் அணியிலிருந்து துரத்துகிறார். கிருதா என்றால் என்ன என்று பர்ன்ஸுக்கே தெரியாது. பாதித் தலையை மழித்துக்கொண்டு வந்து நின்றாலும் விடுவதில்லை. நிஜத்தில் 1991இல் யாங்கீஸ் அணி, முடி நீளம் என்று இதே மேட்டிங்லியை வெளியே உட்கார வைத்தது. செய்தியைப் பார்த்து எழுதியதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். வசனத்தை அதற்கு முன்பே பதிவு செய்திருந்தார்கள். தற்செயல், அவ்வளவுதான்.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது: படச் சட்டம். ஸ்வார்ட்ஸ்வெல்டர் 2003 வரைதான் தொடருக்கு எழுதினார், ஆகவே அவருடைய எபிசோடுகள் எல்லாமே பழைய டிவியின் 4:3 அளவில் வரைந்தவை. 2019இல் டிஸ்னி பிளஸ்ஸுக்கு வந்தபோது அகலத் திரைக்காக மேலேயும் கீழேயும் வெட்டிவிட்டார்கள். தொடரில் வரும் டஃப் பீர் ஆலைக் காட்சியில் மூன்று வகை பீருக்கு மூன்று தொட்டி, மூன்றுக்கும் மேலிருந்து வருவது ஒரே குழாய். அந்தக் குழாய்தான் ஜோக். வெட்டிய படத்தில் அது இல்லை. (அந்த எபிசோடு அவர் எழுதியதல்ல. டேவிட் ஸ்டெர்ன். பாருங்கள், மறுபடி சறுக்கப் பார்த்தேன்.) 2020இல் பழைய அளவைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. அமைப்புகளில் போய் மாற்றிவிட்டு உட்காருங்கள்.

நண்பருக்குத் திருத்தி அனுப்பிய பட்டியலில் ஐந்துதான் இருந்தன. முதலில் 1990இல் வந்த 'இட்சி அண்ட் ஸ்கிராட்சி அண்ட் மார்ஜ்': கார்ட்டூன் வன்முறைக்கு எதிராகக் கொடிபிடித்து ஜெயித்த மார்ஜிடமே, மைக்கலாஞ்சலோவின் நிர்வாண டேவிட் சிலைக்கு எதிராகவும் கொடிபிடிக்கச் சொல்லி ஊர் வந்து நிற்கும். பிறகு 'ஹோமர் அட் த பேட்', 'ரோஸ்பட்', 'யூ ஒன்லி மூவ் ட்வைஸ்'. கடைசியாக, இடையில் மற்ற எபிசோடுகள் ஒரு முப்பதாவது பார்த்த பிறகு, 'ஹோமர்ஸ் எனிமி'. அவர் கேட்கவில்லை, இரண்டாவதாகவே அதைப் பார்த்துவிட்டார். "பாவம்யா அந்த கிரைம்ஸ்" என்று மட்டும் எழுதியிருந்தார்.