ஒரு செய்முறை பரவி மாறும் வழியைத் தேடுவது எப்படி?

எண்ணங்களும் உயிரினங்களைப் போலப் படியெடுக்கப்பட்டு, மாறுபட்டு, தேர்வுக்கு உட்படுகின்றன என்று 1976 இல் உயிரியலாளர் ரிச்சர்ட் டோக்கின்ஸ் முன்வைத்த கருத்தைச் சோதித்துப் பார்க்க, ஒடியல் எனப்படும் காய்ந்த பனங்கிழங்கின் மாவில் மீனும் நண்டும் சேர்த்துக் காய்ச்சும் யாழ்ப்பாணத்து ஒடியற்கூழே போதும். கரையோரக் குருநகரிலும் கடலுக்குத் தொலைவான ஊரொன்றிலும் சில வீடுகளில் செய்முறையைக் கேட்டு, அதை யாரிடம் பழகினார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த விபரம் இல்லாவிட்டால் வழித்தடம் பிடிபடாது.

பின்னர், ஒடியல் மா, புளி என எங்கும் மாறாதிருப்பவற்றை ஒதுக்கிவிட்டு, மாறியவற்றுக்குக் காரணம் தேடுங்கள். மீனும் நண்டும் இல்லாத கூழ் மரக்கறி உண்ணும் வீடுகளில் நிலைத்தது. போர்த்துக்கேயர் வழியாக ஆசியாவுக்கு வந்த அமெரிக்கப் பயிரான மிளகாயோ எல்லா வீட்டுக் கூழிலும் செத்தலாக, அதாவது காய்ந்த மிளகாயாக, புகுந்துவிட்டது. ஒருவர் சேர்த்ததை அடுத்த தலைமுறை கைவிட்டிருந்தால் அதையும் குறியுங்கள். அற்றுப்போன கிளைகளே, என் பார்வையில், அதிகம் சொல்பவை. ஒப்புமையை மட்டும் கண்டு உறவென்று முடிவுகட்ட வேண்டாம்: மரவள்ளிக்கிழங்கை இரு வீட்டார் தனித்தனியே சேர்த்திருக்கலாம்.