டர்போ காருக்கு இன்டர்கூலர் பைப்பை நாமே செய்து பொருத்துவது எப்படி?

வண்டி நன்றாக இழுத்துக்கொண்டு போகும்போதே திடீரென 'டப்' என்று ஒரு சத்தம். அதோடு இழுவை போய்விடுகிறது. டர்போ காரில் இப்படி நடந்தால், பெரும்பாலும் இன்டர்கூலர் பைப் இணைப்பிலிருந்து கழன்றிருக்கும். பழைய ரப்பர் ஹோஸ் உப்பிப் பிளந்தாலும் இதே கதைதான். நான் முதன்முதலில் செய்த பைப்பும் இப்படித்தான் கழன்றது. வளைவுகள் அழகாக வந்திருந்தன, வெல்டிங்கும் சுத்தம். ஆனால் முனைகளை வழவழவென்று அப்படியே விட்டிருந்தேன். அதனால் இந்தப் பதிவில் வளைவுகளைவிட முனைகளைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

பைப்புக்குள் என்ன நடக்கிறது?

டர்போ காற்றை அழுத்தும்போது காற்று சூடாகிறது. வெளியே வரும்போது 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். இன்டர்கூலர் அந்தச் சூட்டைக் குறைக்கிறது. அழுத்தம் மாறாமல் 120 டிகிரி காற்று 50 டிகிரிக்கு இறங்கினால், அதே இடத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் காற்று அடங்கும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போவது சூடான பக்கத்துப் பைப். அங்கிருந்து இன்ஜினுக்குப் போவது குளிர்ந்த பக்கத்துப் பைப்.

இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள். 63.5 மி.மீ. பைப்புக்குள் 1 பார் பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) இருந்தால், இணைப்பைப் பிரித்துத் தள்ளும் விசை சுமார் 32 கிலோ எடைக்குச் சமம். ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் ஒவ்வொரு இணைப்பும் இதைத் தாங்க வேண்டும்.

பைப்பைத் தேர்ந்தெடுப்பது

சிறிய இன்ஜின்களுக்கு 51 முதல் 63.5 மி.மீ. வெளிவிட்டம் போதும். பெரிய பைப் என்றால் பவர் கூடும் என்று நினைத்து நேராக 76 மி.மீ.க்குப் போகாதீர்கள். உள்ளே நிரப்ப வேண்டிய காற்றின் அளவுதான் கூடும், பூஸ்ட் ஏறுவது தாமதமாகும். டர்போவின் வாயையும், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியின் வாயையும் அளந்து, அதை ஒட்டிய அளவை எடுங்கள்.

அலுமினியம் எடை குறைவு, துருப்பிடிக்காது. சுவர்த் தடிமன் 1.6 முதல் 2 மி.மீ. வரை இருக்கட்டும். ஆனால் அதற்கு ஏசி டிக் வெல்டிங் தெரிந்தவர் வேண்டும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வெல்டிங் செய்வது சுலபம், எடைதான் கூடுதல். சாதாரண இரும்பு மலிவு என்றாலும் உள்ளே துரு உதிர்ந்தால் நேராக இன்ஜினுக்குப் போகும்; நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தண்ணீர்க் குழாய்க்கான பிவிசியை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தாதீர்கள். சூட்டில் இளகும், அழுத்தக் காற்றில் வெடித்துச் சில்லுகளாகப் பறக்கும்.

வளைவுகளை மேன்ட்ரல் பெண்ட் என்று கேட்டு வாங்குங்கள். வளைந்த இடத்திலும் அவை நசுங்காமல் வட்டமாகவே இருக்கும். இரண்டு 90 டிகிரி, இரண்டு 45 டிகிரி, ஒரு நேர்த் துண்டு இருந்தால் பெரும்பாலான வண்டிகளுக்குச் சமாளிக்கலாம். இவற்றோடு, பைப் முனைகளை இணைக்கும் சிலிக்கான் கப்ளர்களும், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் டி-போல்ட் கிளாம்ப்களும் வேண்டும். சாதாரணத் திருகு கிளாம்பின் பட்டையில் இருக்கும் வெட்டுகள் சிலிக்கானை அறுத்துவிடும்.

பாதை பார்ப்பது

இன்ஜின் ஆறிய பிறகு பம்பரைக் கழற்றுங்கள். தடித்த கம்பி ஒன்றை டர்போ வாயிலிருந்து இன்டர்கூலர் வரை வளைத்து வளைத்துக் கொண்டுபோனால் பைப் போகும் வழி தெரிந்துவிடும்.

இன்ஜின் அசையும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, ஒருவரை உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று தட்டச் சொல்லுங்கள். கையை உள்ளே விடாமல் தள்ளி நின்று பாருங்கள், இன்ஜின் எவ்வளவு சாய்கிறது என்று தெரியும். அசையும் பாகங்களிலிருந்து குறைந்தது 20 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் இன்னும் தாராளமாக விடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகில் சிலிக்கான் கப்ளர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு வழியே இல்லை என்றால் நடுவில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள்.

வெட்டுவதும் அடையாளமிடுவதும்

பைப்பைச் சுற்றி ஒரு தாளை இறுக்கிச் சுற்றி, அதன் ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி வைத்து மார்க்கரால் கோடு போட்டால் நேர்வெட்டுக்கான வழி கிடைத்துவிடும். ஹேக்ஸாவால் அறுத்து, உள்ளும் புறமும் பிசிறை அரத்தால் எடுத்துவிடுங்கள்.

துண்டுகளை வண்டியில் வைத்து டேப்பால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூட்டின் குறுக்கேயும் ஒரு கோடு போடுங்கள். இரண்டு துண்டிலும் பாதிப் பாதியாக விழும் அந்தக் கோடுதான், கழற்றிய பிறகு எந்தக் கோணத்தில் சேர்க்க வேண்டும் என்பதைச் சொல்லும். வண்டியில் வைத்தே டாக் (தற்காலிகப் பொட்டு வெல்டிங்) அடிக்க வேண்டாம். பெட்ரோல் லைனும் இசியூவும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பக்கத்திலேயே இருக்கின்றன.

பழைய பைப்பில் அழுத்த சென்சாரோ, காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரோ, பைபாஸ் வால்வோ (ஆக்சிலரேட்டரை விடும்போது மிஞ்சும் காற்றை வெளியேற்றுவது) இருந்தால், அவற்றைப் பொருத்தும் இடங்களையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். வெல்டிங் முடிந்த பிறகு ஞாபகம் வந்தால் இரட்டை வேலை.

முனைக்கு விளிம்பு எழுப்புவது

கப்ளர் ஏறும் ஒவ்வொரு முனையிலும், சுற்றிலும் ஒன்றரை முதல் 2 மி.மீ. உயரத்துக்கு ஒரு மேடு வேண்டும். கிளாம்ப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்காரும். 32 கிலோ விசை தள்ளும்போது கப்ளர் வழுக்கிப் போகாமல் தடுப்பது இதுதான்.

இதற்கென்று பீட் ரோலர் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால், முனையிலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளிச் சுற்றிலும் மெல்லிய வெல்டிங் வரி ஒன்று ஓட்டச் சொல்லி, கூர் இல்லாமல் அரத்தால் வழவழப்பாக்குங்கள். நான் இப்போதெல்லாம் இப்படித்தான் செய்கிறேன். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, ஆனால் பிடி உறுதி.

கழுவுவது

அவசரப்படவே கூடாத இடம் இது. குளிர்ந்த பக்கத்துப் பைப்பில் ஒரு உலோகத் துகள் ஒட்டியிருந்தாலும் அதற்கு அடுத்த நிறுத்தம் சிலிண்டர்தான். சூடான சோப்புத் தண்ணீரில் கழுவி, கயிற்றில் துணியைக் கட்டி உள்ளே இழுங்கள். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை திரும்பத் திரும்ப இழுங்கள். பிறகு முழுதாக உலர விடுங்கள். வேலை நடக்கும்போது டர்போ, த்ராட்டில் வாய்களைத் துணியால் அடைத்திருந்தால், எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணி வைத்துக்கொண்டு அத்தனையையும் எடுங்கள்.

பொருத்துவது

பைப் முனைகளையும் கப்ளரின் உட்புறத்தையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சுலபமாக ஏறட்டும் என்று எண்ணெயோ கிரீஸோ தடவினால் பிடி போய்விடும். கப்ளருக்குள் ஒவ்வொரு பைப்பும் 25 முதல் 30 மி.மீ. வரை போக வேண்டும். இரண்டு முனைகளுக்கும் நடுவில் 5 முதல் 10 மி.மீ. இடைவெளி இருக்கலாம். அதற்கு மேல் போனால் அந்த இடத்தில் சிலிக்கான் உப்பும்.

முதலில் எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, எதுவும் எதன் மேலும் உரசாமல் பார்த்த பிறகு கிளாம்ப்களை முடுக்குங்கள். சிலிக்கான் லேசாக அமுங்கினால் போதும். மேலும் முடுக்கினால் மெல்லிய அலுமினியம் நசுங்கி, அதுவே கசிவுக்கு வழியாகும்.

அப்புறம் பிராக்கெட். டர்போ இன்ஜினோடு சேர்ந்து ஆடும், இன்டர்கூலரோ பாடியில் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் எங்காவது ஒரு இடம் நெளிந்து கொடுக்க வேண்டும். டர்போ பக்கத்துத் துண்டை இன்ஜினோடு ஒரு ரப்பர் புஷ் வைத்த பிராக்கெட்டால் பிடித்து, இன்டர்கூலர் பக்கம் நடுவில் புடைத்த ஹம்ப் கப்ளரைப் போடுங்கள். பைப்பின் முழு எடையும் கப்ளர்களில் தொங்கினால் நாளடைவில் அவை கிழியும்.

கசிவு சோதனை

டர்போ முனையையும் த்ராட்டில் முனையையும் கழற்றி, உலோக மூடிகளைக் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். ஒரு மூடியில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, ரெகுலேட்டர் வைத்த கம்ப்ரஸரால் 0.3 பாரில் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். வண்டியின் வழக்கமான பூஸ்ட் அளவைத் தாண்ட வேண்டாம். மூடிக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். இணைப்புகளிலும் வெல்டிங்கிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால், குமிழி வரும் இடம்தான் கசிவு. பைபாஸ் வால்வு வழியாகவும் காற்று போகலாம் என்பதால் சோதனையின்போது அதன் வாயை அடைத்துவிடுங்கள்.

சரி, இனி ஓட்டலாம். முதல் சில கிலோமீட்டர் ஆக்சிலரேட்டரை லேசாக மட்டும் மிதித்து ஓட்டிவிட்டு, இன்ஜின் ஆறியதும் கிளாம்ப்களை ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். சூடேறி ஆறும்போது சிலிக்கான் கொஞ்சம் படிந்து கிளாம்ப் தளரும். சோதனையில் வராத அந்த இரண்டு முனை இணைப்புகளையும் ஒரு வாரம் கழித்துச் சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். டர்போ காற்றில் எப்போதும் கொஞ்சம் எண்ணெய் ஆவி கலந்திருக்கும். எங்கே புதிதாகப் பிசுக்கு ஒட்டுகிறதோ, அங்கே கிளாம்பைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுங்கள்.