டி.எல்.டி. மாத்திரை: எப்போது போடுவது, எதோடு சேர்க்கக் கூடாது

எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கிவைக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தில் தரும் டி.எல்.டி. ஒரே மாத்திரைதான். ஆனால் அதற்குள் மூன்று மருந்துகள்: டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டொலுடெக்ராவிர் 50 மி.கி. தினம் ஒன்று, சாப்பிட்டும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். மறக்காத நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம். இரவில் போட்டுத் தூக்கம் கெட்டால் மையத்தில் சொல்லிவிட்டுக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இரவு 9 மணி உங்கள் நேரம் என்று வைத்துக்கொள்வோம். மறந்துபோய் மறுநாள் காலை 11 மணிக்கு நினைவு வந்தால் உடனே போட்டுவிட்டு, இரவு 9 மணிக்கு வழக்கம்போல் அடுத்ததைப் போடலாம். மாலை 5 மணி தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்த வேளைக்கு 4 மணி நேரம்கூட இல்லை. இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது வேறு இடத்தில். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில், டைஜீன் போன்றவற்றில் அலுமினியமும் மெக்னீசியமும் உண்டு. டொலுடெக்ராவிர் இவற்றோடு குடலிலேயே ஒட்டிக்கொள்வதால் ரத்தத்தில் போதிய அளவு சேராது. அதனால் டி.எல்.டி.யை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். 9 மணிக்காரருக்கு மாலை 3 முதல் இரவு 11 வரை ஜெலுசில் கிடையாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதே இடைவெளிதான். ஆனால் சாப்பாட்டோடு என்றால் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை டி.எல்.டி.யுடன் ஒன்றாகவே போடலாம். கர்ப்பிணிகளுக்கு இது பெரிய வசதி. மல்டிவைட்டமினிலும் துத்தநாகம், இரும்பு இருக்கும். அட்டையைப் படித்துப் பாருங்கள்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் கல்லீரல் டொலுடெக்ராவிரை வேகமாகக் கழித்துவிடும். அப்போது டி.எல்.டி. போட்ட 12 மணி நேரம் கழித்துத் தனியாக ஒரு டொலுடெக்ராவிர் 50 மி.கி. தருவார்கள். ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் 2 வாரம் அது தொடர வேண்டும். காசநோய் மாத்திரை நின்ற அன்றே இதையும் நிறுத்திவிடாதீர்கள். வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமாசெபின் சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் என்றால் கதை தலைகீழ்: ரத்தத்தில் மெட்ஃபார்மின் கூடிவிடும், பொதுவாக ஒரு நாளைக்கு 1000 மி.கி.க்கு மேல் போக விடமாட்டார்கள்.

முதல் சில வாரங்களில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) கொஞ்சம் ஏறும். சிறுநீரகம் கெடாமலேயே டொலுடெக்ராவிர் இப்படிக் காட்டும். ஆனால் டெனோஃபோவிர் சிறுநீரகத்தை நிஜமாகவே பாதிக்கக்கூடியது என்பதால், எது காரணம் என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். உடல் எடை கூடுவதும் உண்டு.

மாத்திரையை அதன் டப்பாவிலேயே, ஈரம் உறிஞ்சும் பையை எடுக்காமல் வையுங்கள். ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே அடுத்த டப்பாவை வாங்கிவிடுங்கள். வெளியூரில் தீர்ந்துபோனால் சிகிச்சைப் புத்தகத்தோடு அங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்தை அணுகலாம், முகவரி தெரியாவிட்டால் 1097-ஐ அழைத்தால் சொல்வார்கள், கட்டணம் இல்லை. ஹெபடைடிஸ் பி-யும் இருப்பவர்கள் டி.எல்.டி.யைத் தாமாக நிறுத்தினால் கல்லீரல் அழற்சி திடீரென முற்றிவிடக்கூடும். டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்தக் கிருமியையும் சேர்த்தே அடக்கிவைத்திருக்கின்றன.